சொல்லிச் செய்தலும் செய்து சொல்லுதலும்: செட்டிநாட்டுப் பொது வீடு ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்குப் பகுதியில் உள்ள ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊரில், நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான ஒரு வீட்டில், 2018ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மனக்கசப்பு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நீடித்தது. அந்த இடைக்காலத்தில் வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்பு நின்றுபோயிற்று. ஒரு திருமணத்துக்கு நெருங்கிய பங்காளி வீட்டாரே போகவில்லை. முடிவில் ஒரு வக்கீல் நோட்டீசும் வந்தது. ஊரில் யாரைக் கேட்டாலும் அது பணத் தகராறு என்றுதான் சொன்னார்கள். நான்கு தரப்பினரோடும் முதலில் தனித்தனியாகவும் பின்னர் சேர்த்தும் பேசி, அவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட கணக்குகளையும் செய்திகளையும் நாள் வரிசைப்படி படித்துப் பார்த்தபோது, எனக்கு அப்படித் தோன்றவில்லை. செலவான தொகையை எவரும் மறுக்கவில்லை. பங்கு விகிதத்தை எவரும் கேள்வி கேட்கவில்லை. ஒருவர் முடிவெடுத்துவிட்டு மற்றவருக்கு அதைத் தெரிவித்த முறைதான் உறவை முறித்தது என்பதும், பிற்பாடு உறவு கூடியபோது மனம் மாறியதால் நடத்தை மாறவில்லை, நடத்தை மாறியதால்தான் மனம் மாறியது என்பதும் இந்த ஆய்வில் நான் கண்டவை. சம்பந்தப்பட்டவர்களின் இசைவோடு இதை எழுதுகிறேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிட்டு, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் அதற்குள் இருந்த நடைமுறையும்

செட்டிநாடு என்று வழங்கப்படும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களில் பரவியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு இங்கே எழுப்பப்பட்ட பெரிய வீடுகளில், முகப்பு, பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் நுழைந்தால் மறு தெருவில் வெளியேறலாம். பர்மாத் தேக்கையும் வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சையும் ஆத்தங்குடிக் கல்லையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. அந்தச் சுவர்களுக்குள் ஆட்கள் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வுக்கு வேண்டியது.

நகரத்தார் வழக்கத்தில் திருமணமான மகன் கூட்டு வீட்டிலேயே இருந்தாலும் அவனுக்குத் தனிச் சமையல் ஏற்படுத்திக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு வேறு வைத்தல் என்று பெயர். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் அவனுக்கு ஒன்று உண்டு. தனி அடுப்பு உண்டு. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான் என்று பெற்றோர் அளந்து கொடுப்பதும் உண்டு. திருமணமான ஒவ்வொரு தம்பதியும் அவர்களது நகரக் கோயிலில் ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள். ஆக, கணக்கில் தனித்தனிக் குடும்பங்கள், இருப்பது ஒரே கூரையின் கீழ். முகப்பும் பட்டாலையும் வளவும் எல்லோருக்கும் பொது. மாமியாருக்கும் மருமகளுக்கும், ஓரகத்திகளுக்கும் இடையில் அடுப்படியில் வரக்கூடிய உரசலை, அது வருவதற்கு முன்பே நினைத்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு இது. இதை வகுத்தவர்களின் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் இந்த ஏற்பாடு நடைபெற்றதற்கு யாரும் எழுதி வைக்காத ஒரு காரணமும் உண்டு. வளவில் எல்லோரும் நாள்தோறும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓடு பிரித்து மாற்றவேண்டும் என்றால் அந்தப் பேச்சு காலையில் பட்டாலையில் எழுந்து, மாலைக்குள் எல்லா அடுப்படிகளுக்கும் போய்ச் சேர்ந்து, மறுநாள் அவரவர் கருத்தோடு திரும்பி வந்திருக்கும். மற்றவரைக் கேட்பதென்று யாரும் தனியாக முயலவேண்டியதில்லை. அந்த வாழ்க்கையிலேயே அது நடந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோதும், 1963 முதல் அங்கே கடைகளும் வங்கிகளும் அரசுடைமையானபோதும் கொண்டுவிற்றல் என்ற வெளிநாட்டு வட்டித் தொழில் குலைந்து, அடுத்த தலைமுறை படிப்பையும் வேலையையும் தேடி நகரங்களுக்குச் சென்றது. வீட்டில் பங்கு மட்டும் பிள்ளைகளுக்கு வந்தது. நாள்தோறும் வளவில் சந்தித்துக்கொள்வது வரவில்லை. இன்றைய பங்காளிகள் பலரிடம் காணும் கசப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நாம் பார்க்கும் வீட்டில் நான்கு பங்குகள். முதல் பங்குக்கு உரியவர் எழுபது வயதைக் கடந்த, கணவரை இழந்த ஓர் ஆச்சி. அவர் ஒருவர்தான் அந்த வீட்டில் குடியிருக்கிறார். அவருடைய மகள் கோயம்புத்தூரில் இருக்கிறார். இரண்டாம் பங்கினர் சென்னையில் தணிக்கையாளராக இருப்பவர். ஆச்சி அவருக்குப் பெரியாத்தா முறை. மூன்றாமவர் சிங்கப்பூரில் பொறியாளர். நான்காமவர் மதுரையில் வியாபாரம் செய்கிறார். இவர்களைத் தவிர, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையாள் ஒருவர் உண்டு.

கஜா புயலும் அதற்குப் பிறகும்

2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. இந்த வீட்டின் இரண்டாங்கட்டில் மேற்கு வரிசையின் ஓடுகள் பெயர்ந்து, மழைநீர் தேக்கு உத்திரங்களில் இறங்கியது. வேலையாள் சென்னைப் பங்காளிக்குத் தகவல் சொன்னார். அவர் அன்றைக்கே காரைக்குடியிலிருந்து ஒரு கொத்தனாரைப் பிடித்து, முன்பணம் அனுப்பி, வேலையைத் தொடங்கச் சொன்னார். உத்திரம் நனைந்து கெட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில் செய்த காரியம் அது. அந்த அக்கறை உண்மையானது என்பதை ஆச்சியே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆச்சிக்கு இந்தச் செய்தி வந்த விதம் வேறு. ஒரு நாள் காலையில் ஆறு ஆட்கள் வாசலில் நின்று, "சென்னையிலேருந்து சொல்லியனுப்பினாக, பின்கட்டைத் திறந்துவிடுங்க" என்றார்கள். அவர்கள் மழைநீர் பிடிக்கும் கிடாரங்களை நகர்த்தி வைத்தார்கள். அரிசி வைத்திருந்த அறையின் சாமான்களை நடையில் எடுத்துப் போட்டார்கள். பழைய நாட்டு ஓடுகளை இறக்கிவிட்டு அந்த வரிசை முழுவதற்கும் தகரம் போட்டார்கள். வேலை முடியும் வரை ஆச்சியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. முடிந்த மறுநாள், பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு கணக்கு, நான்கால் வகுத்து, வங்கிக் கணக்கு எண்ணோடு வந்து சேர்ந்தது. சிங்கப்பூர்ப் பங்காளி ஒரு மணி நேரத்தில் பணம் அனுப்பிவிட்டார். மதுரைப் பங்காளி பதில் எழுதவில்லை. ஆச்சியிடம் அந்த வகைக் கைபேசி இல்லாததால், அவர் மகள் மூலமாகத்தான் அவருக்குச் செய்தி தெரிந்தது.

ஆச்சி பணம் தர மறுக்கவில்லை. எதுவுமே சொல்லவில்லை. சாமான் அறைக்கும் சாமி அறைக்கும் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

2019இல் படைப்புக்கு நாள் குறித்துச் சென்னைப் பங்காளி குடும்பத்தோடு வந்தார். முன்னோரை நினைத்துப் பங்காளிகள் எல்லோரும் கூடிச் சமைத்துப் படைத்து, சேர்ந்து உண்ணும் அந்த வழிபாட்டுக்கு உரிய பாத்திரங்கள் பூட்டிய அறைக்குள் இருந்தன. சாவியைக் கேட்டபோது ஆச்சி, யாரைக் கேட்டு நாள் குறித்தார்கள் என்று கேட்டார். வேலையாளும் சமையலுக்கு வந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போது சென்னைப் பங்காளி, "பெரியாத்தா, இது பொது வீடு, அது உங்களுக்கு நெனப்பிருக்கட்டும்" என்றார். அதற்கு ஆச்சி, "அப்ப இத்தனை வருசமும் நான் இங்க காவக்காரியாவா இருந்தேன், தம்பி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று படைப்பு நடக்கவில்லை.

பிறகு நடந்தவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெருந்தொற்றினால் யாரும் வரவில்லை. 2021இல் சென்னைப் பங்காளி மகளின் திருமணம் நடந்தது. நேரில் வந்து சொல்லவேண்டிய முறையுள்ள ஆச்சிக்கு அழைப்பிதழ் கூரியரில் வந்தது. ஆட்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது என்பது சென்னை வீட்டார் சொன்ன காரணம், அதுவும் உண்மைதான். அதே ஆண்டு வீட்டுச் சாமான்களைப் படம் எடுத்துப் பட்டியல் போடுவதற்கு ஓர் இளைஞர் அனுப்பப்பட்டார். செட்டிநாட்டு வீடுகள் பிரித்து விற்கப்பட்டு, அவற்றின் கதவுகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்வதைக் கண்ணால் கண்டவர் ஆச்சி. வந்த இளைஞரை அவர் வியாபாரி என்று நினைத்து வாசலிலேயே திருப்பி அனுப்பினார். 2022இல் மதுரைப் பங்காளி தம் பங்கைப் பிரித்துத் தரவேண்டும் என்று மற்ற மூவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

ஒரே நிகழ்ச்சி, இரண்டு கதைகள்

சென்னைப் பங்காளியிடம் நடந்ததைச் சொல்லச் சொன்னபோது, தம் செயல்கள் ஒவ்வொன்றுக்கும் அவர் சூழ்நிலையைக் காரணமாகச் சொன்னார்: மழை நிற்கவில்லை, மின்சாரம் இல்லை, ஆச்சியின் வீட்டுத் தொலைபேசி கிடைக்கவில்லை, கொத்தனார்கள் அந்த வாரம் அரிதாக இருந்தார்கள். ஆச்சியின் செயல்களுக்கு அவர் சொன்ன காரணமோ ஆச்சியின் குணம்: "அவுகளுக்குப் பிடிவாதம்; வீட்டைத் தன்னுதுன்னு நெனச்சுக்கிட்டாக." ஆச்சி சொன்ன கதையில் இதே முறை தலைகீழாக இருந்தது. தாம் பூட்டுப் போட்டதற்கு, முன்பின் தெரியாதவர்கள் வந்து போனதால் ஏற்பட்ட பயம் காரணம். சென்னைப் பங்காளி ஆள் அனுப்பியதற்குப் பணத் திமிர் காரணம்.

தன் செயலுக்குச் சூழ்நிலையையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணம் காட்டும் இந்தப் போக்கை எட்வர்டு ஜோன்ஸ், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற இரு உளவியலாளர்கள் 1971இல் விளக்கினார்கள். பிறர் நடத்தையைக் கணிக்கும்போது சூழ்நிலையின் பங்கைக் குறைத்து மதிப்பிடும் பிழையை லீ ராஸ் 1977இல் விரிவாக எழுதினார். ஆச்சிக்கும் சென்னைப் பங்காளிக்கும் அடுத்தவருடைய சூழ்நிலை கண்ணில் படவில்லை. சென்னையில் இருந்தவர், புயலுக்குப் பின் இருளில் தனியாக இருந்த ஒரு மூதாட்டியின் வாசலில் ஆறு பேர் வந்து நின்றதைப் பார்க்கவில்லை. ஊரில் இருந்தவர், சென்னையில் ஒருவர் இரவெல்லாம் தொலைபேசியில் கொத்தனார் தேடியதைப் பார்க்கவில்லை.

ஒருவரைப் பற்றி நாம் கொண்ட எண்ணம் நம் பேச்சின் தொனியை மாற்றுகிறது. அந்தத் தொனி அவரை நாம் எண்ணியபடியே நடக்கவைக்கிறது. 1977இல் மார்க் ஸ்னைடரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மின்னசோட்டாவில் நடத்திய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆண் மாணவர்கள் முன்பின் தெரியாத பெண்களோடு தொலைபேசியில் பேசவேண்டும். பேசுமுன் அந்தப் பெண்ணுடையது என்று சொல்லி ஒரு படம் தரப்படும், ஆனால் அது அவருடைய படம் அல்ல. அழகான முகத்தைப் பார்த்தவர்கள் கனிவோடு பேசினார்கள். பெண்களின் பேச்சை மட்டும் பிரித்தெடுத்து, எதுவும் அறியாத நடுவர்களைக் கேட்கச் செய்தபோது, அந்தக் கனிவைப் பெற்ற பெண்களே அதிக இணக்கத்தோடும் நட்போடும் பேசியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். படத்தைப் பற்றி அந்தப் பெண்களுக்கு எதுவும் தெரியாது. எதிர்முனையிலிருந்து வந்த நடத்தைதான் அவர்களை அப்படிப் பேசவைத்தது.

இந்த வீட்டிலும் அதைக் காணமுடிந்தது. 2019க்குப் பிறகு சென்னைப் பங்காளி ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், ஆச்சி சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தே பேசியிருக்கிறார். நலம் கேட்காமல், சொல்லவேண்டியதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். ஆச்சியும் அதே போலச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வைத்தபின் இருவரும் தாம் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் விட இந்த நிகழ்ச்சிக்கு நேராகப் பொருந்துவது ஆலன் லிண்ட், ரூத் கான்ஃபர், கிறிஸ்டோபர் ஏர்லி ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஒரு வேலைக்கு இலக்கு நிர்ணயிப்பதில், ஒரு பிரிவினருக்கு முடிவு எடுக்கும் முன் கருத்துச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு முடிவு எடுத்த பின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குக் கொடுக்கவே இல்லை. முன்னால் கேட்கப்பட்டவர்களே அந்த முடிவை மிக நியாயமானது என்று கருதினார்கள். முடிவுக்குப் பின், அதை இனி மாற்றமுடியாது என்ற நிலையில் கேட்கப்பட்டவர்கள்கூட, கேட்கப்படாதவர்களைவிட அது நியாயமாக நடந்தது என்று கருதினார்கள். கருத்துக் கேட்பது முடிவை மாற்றுவதற்காக மட்டும் அல்ல. கேட்கப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராக மதிக்கப்படுகிறார் என்பதை அது காட்டுகிறது. ஆச்சியிடம் முன்னாலும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை. கணக்கு மட்டும் வந்தது.

கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடியது

மரியாதைக் குறைவு என்ற அளவில் இந்தப் பிரச்சினையை நிறுத்திவிட்டால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். ஆச்சியோடு விரிவாகப் பேசியபோது வெளிவந்த ஒரு செய்தி என்னை வியக்கவைத்தது. வீட்டின் மூன்றாம் கட்டில், பழைய மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், வீடு கட்டிய காலத்தில் மீந்த நாட்டு ஓடுகள் வைக்கோலிட்டு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய மாமனார் காலத்தில் இரண்டு முறை அவற்றிலிருந்து எடுத்தே ஓடு மாற்றியிருக்கிறார்கள். மேற்கு வரிசை முழுவதற்கும் போதுமான ஓடு அங்கேயே இருந்தது. தகரத்துக்குச் செலவழித்த தொகையில் பெரும்பகுதி தேவையே இல்லை. ஓடு மாற்றத் தெரிந்த பழைய கொத்தனார் குடும்பம் பக்கத்து ஊரில் இருப்பதும் ஆச்சிக்கு மட்டும்தான் தெரியும்.

மேலும், தகரம் போட்ட வரிசைக்குக் கீழேதான் ஆண்டுக்கு வேண்டிய அரிசியும் வற்றல் வடகமும் இருந்தன. நாட்டு ஓட்டின் கீழ் குளிர்ந்திருந்த அறை சித்திரை வெயிலில் கொதித்தது. மழைக்காலத்தில் தகரத்தில் விழும் சத்தத்தால் அவருக்கு இரவில் தூக்கம் போயிற்று. தகரத்தை எடுக்கவேண்டும் என்று அவர் ஒரு முறை வேலையாளிடம் சொல்லியிருக்கிறார். அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்தபோது, "நீங்க போட்டது எதுவும் இந்த வீட்டில் இருக்கக் கூடாதாம்" என்று மாறியிருந்தது. இதற்காக வேலையாளைக் குறை சொல்லுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. யார் சம்பளம் கொடுப்பது என்று தெளிவில்லாமல், ஒவ்வொரு தரப்பும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டதில், அவருக்கு இரண்டு மாதச் சம்பளம் வராமல் நின்றிருந்தது. யாரும் அவரிடமும் எதுவும் கேட்டதில்லை.

வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தது வெளியூரில் இருப்பவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் மரியாதையும் காப்பாற்றப்பட்டிருக்கும், பணமும் மிஞ்சியிருக்கும், வீட்டுக்கும் நல்லது நடந்திருக்கும். கணக்கில் சென்னைப் பங்காளி ஒரு காசுகூடத் தவறு செய்யவில்லை என்பதை நான் பார்த்தேன். வீட்டைக் காப்பாற்ற நினைத்து, வீட்டைப் பற்றி மிகுதியாக அறிந்தவரை ஒதுக்கிவிட்டு வேலை செய்ததுதான் அவர் செய்த பிழை. ஆச்சியின் பிழையும் சிறியதல்ல. சொல்லவேண்டியதைச் சொல்லாமல் பூட்டினால் பதில் சொன்னார். எல்லோருக்கும் உரிய படைப்பைத் தம் வருத்தத்துக்காக நிறுத்தினார்.

தோற்றுப்போன சமரசம்

2022இல் நோட்டீஸ் வந்தபின், ஊரில் மதிப்புள்ள பெரியவர் ஒருவர் முயன்று, கோயிலில் இரு தரப்பையும் உட்காரவைத்து, சின்னவர் பெரியவரிடம் வருத்தம் தெரிவிக்கவேண்டும் என்று தீர்த்து வைத்தார். சென்னைப் பங்காளி அப்படியே சொன்னார், ஆச்சியும் தலையசைத்தார். எல்லோரும் திருநீறு பூசிக்கொண்டு எழுந்தார்கள். அடுத்த வாரமே, மோட்டார் பழுதானபோது, சென்னையிலிருந்து வழக்கம்போல நேராக ஒரு மெக்கானிக் வந்து வாசலில் நின்றார். கோயிலில் சொன்ன வருத்தத்துக்கு அதன்பிறகு ஒரு பொருளும் இல்லாமல் போயிற்று.

பெரியவரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் மன்னிப்பை முதலில் வைத்தார். நடத்தையைப் பற்றி எதுவும் பேசவில்லை. ஒரு சொல்லால் வந்த காயத்துக்கு ஒரு சொல் மருந்தாகலாம். பல முறை செய்த செயலால் வந்த காயத்துக்கு, அதே செயலை வேறு விதமாகப் பல முறை செய்து காட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மாறிய நடத்தை

2023இல் நான் இந்த விவகாரத்துக்குள் அழைக்கப்பட்டபோது, யாரும் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவேண்டாம் என்பதையே முதலில் சொன்னேன். இரண்டு காரியங்களை மட்டும் ஓர் ஆண்டு செய்து பார்க்கக் கேட்டேன். வீட்டில் எந்த வேலை செய்வதானாலும், அது ஒரு விளக்கு மாற்றுவதாக இருந்தாலும், ஆச்சியிடம் முன்னதாகச் சொல்லி அவர் கருத்தைக் கேட்டபின் செய்வது ஒன்று. இத்தனை ஆண்டுகள் ஆச்சி செய்துவந்த பராமரிப்பைக் கணக்கில் எழுதுவது மற்றொன்று.

முதலாவதைச் செய்தவர் சென்னைப் பங்காளியின் மனைவி. வாரத்தில் ஒரு நாள் அவர் தொலைபேசியில் அழைத்து, "பெரியாத்தா, தண்ணித் தொட்டியைக் கழுவச் சொல்லலாமுன்னு நெனக்கிறோம், எப்பச் சொன்னாத் தோதுப்படும்?" என்பதுபோல் கேட்பார். தொடக்கத்தில் "ஒங்க இஷ்டம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பதிலை இசைவு என்று எடுத்துக்கொள்ளாமல், அவர் மறுவாரமும் அதையே கேட்டார். இந்தப் பொறுமைதான் எல்லாவற்றையும் திருப்பியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல மாதங்களுக்குப் பின் ஒரு நாள் ஆச்சி, தொட்டிக்கு அடியில் குழாய் அரித்திருக்கிறது, கழுவுமுன் அதை மாற்றவேண்டும் என்றார். அடுத்த முறை அவரே அழைத்தார். மூன்றாம் கட்டில் ஓடு இருக்கிற செய்தியைச் சென்னை வீட்டார் தெரிந்துகொண்டதும் இப்படி ஒரு பேச்சில்தான்.

இரண்டாவதற்கு இன்னும் பெரிய தடை இருந்தது. விளக்கேற்றுவது, ஆள் வைத்துப் பெருக்குவது, மின்கட்டணம் கட்டுவது, கரையான் வந்தால் மருந்து அடிப்பது என்று ஆச்சி செய்தவற்றுக்கு எந்தத் தாளிலும் பதிவு இல்லை. நகரத்தார் குடும்பங்களில் பேரேடும் ஐந்தொகையும் எழுதாமல் ஒரு நாள்கூடக் கழிந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வதுண்டு. பெண்கள் வீட்டுக்குள் செய்த வேலை அந்தப் பேரேடுகளில் ஏறியதில்லை. தணிக்கையாளரான சென்னைப் பங்காளிதான் இதைத் தம் கையால் செய்தார். கடந்த ஆண்டுகளுக்கான மின்கட்டண ரசீதுகளைத் திரட்டி, பராமரிப்புக்கு ஊரில் வழங்கும் கூலியைக் கேட்டறிந்து, பொது வீட்டின் கணக்கில் ஆச்சியின் பெயரில் வரவு வைத்தார். தகரத்துக்கான ஆச்சியின் பங்கைக் கழித்தும் அவருக்கே பாக்கி வந்தது. அந்தப் பணத்தை ஆச்சி வாங்கவில்லை. ஆனால் நோட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். கரையான் மருந்தை ஓர் ஆண்டு விட்டுவிட்டதாகச் சுட்டிக்காட்டி அதையும் எழுதச் சொன்னார். "காவக்காரி" என்று அவர் கேட்ட கேள்விக்கு அந்த நோட்டில்தான் பதில் கிடைத்தது.

2024இல் படைப்புக்கு நாள் குறிக்கும்போது முதலில் ஆச்சியிடம் கேட்டார்கள். கோயம்புத்தூர் மகளின் வசதியைப் பார்த்து அவர் ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொன்னார், தள்ளி வைத்தார்கள். பூட்டைத் திறந்து பாத்திரங்களை எடுத்து வைத்தவர் அவரே. ஆச்சியும் சென்னைப் பங்காளியும் அன்றைக்கும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அன்பு முழுதும் திரும்பிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்யமுடிகிறது. ஒருவர் செய்யப்போவது மற்றவருக்கு முன்கூட்டியே தெரிகிறது.

இங்கே ஓர் எல்லையையும் குறிக்கவேண்டும். இந்த நிகழ்ச்சியில் இரு தரப்பிலும் அக்கறை இருந்தது, ஏமாற்று இல்லை. ஏமாற்றும் கொடுமையும் உள்ள குடும்பத்தில், பாதிக்கப்பட்டவரிடம் போய் உங்கள் நடத்தையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்வது அநீதி. அங்கே சட்டத்தின் துணைதான் முதலில் வேண்டும். இந்த வீட்டிலும் வலிமை அதிகம் உள்ளவர், அதாவது பணமும் ஆள் பலமும் உள்ளவர், முதலில் நடத்தையை மாற்றியதால்தான் மற்றது நடந்தது. முதல் அடியை ஆச்சி எடுக்கவேண்டும் என்று கேட்டிருந்தால் அது நியாயமும் அல்ல, பலித்திருக்கவும் மாட்டாது.

சேராத பங்கு

மதுரைப் பங்காளியின் விவகாரம் இன்னும் முடியவில்லை. அவர் தம் பங்கை ஒரு விடுதி நிறுவனத்துக்கு விற்க எண்ணியிருந்தார். பிரிவினையாகாத குடும்பக் குடியிருப்பில் ஒரு பங்கை வாங்கும் வெளியாருக்கு, 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, அந்த வீட்டில் கூட்டாகக் குடியேறும் உரிமை கிடையாது. அவ்வாறு வாங்கியவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ், குடும்பத்துப் பங்காளி ஒருவர் அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள முன்வரலாம். மற்ற மூவரும் இந்தச் சட்ட நிலையை வக்கீல் மூலம் அவருக்குப் பதிலாக எழுதினார்கள். சட்டப்படி அது சரியான பதில். விற்க நினைத்ததற்கு என்ன காரணம் என்று மூவரில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

நான் கேட்டபோது அவர் கடன் நெருக்கடியைச் சொன்னார். 2018இல் குழுவில் வந்த கணக்குக்கு அவர் பதில் எழுதாததற்கும் அதுவே காரணம். அந்த மாதம் அவரிடம் பணம் இல்லை, அதைப் பங்காளிகள் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுத அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய மௌனத்தை மற்றவர்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆச்சிக்குச் செய்த தவற்றைத் திருத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில், அதே தவற்றை இவருக்கும் செய்துகொண்டிருந்தார்கள் என்பது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி. ஆச்சியிடம் கேட்பது ஒரு விதியாக வந்துவிட்டது. எல்லோரிடமும் கேட்பது இன்னும் பழக்கமாகவில்லை.

இப்போது மேற்கு வரிசையின் தகரத்தை எடுத்துவிட்டு, மூன்றாம் கட்டில் உள்ள ஓடுகளைக் கொண்டு, பக்கத்து ஊர்க் கொத்தனார் குடும்பத்தை வைத்துப் பழையபடி ஓடு போடுவதற்கு மதிப்பீடு தயாராகியிருக்கிறது. வேலை தொடங்குமுன் அதை நான்கு பேருக்கும் அனுப்பி, பதிலுக்கு ஒரு மாதம் காத்திருப்பது என்று தீர்மானித்தார்கள். மதுரைப் பங்காளிக்கு அதைக் குழுவில் அனுப்பாமல் ஆச்சியே தொலைபேசியில் சொன்னார். பணம் தை மாதத்துக்குப் பிறகு கொடுத்தால் போதும் என்றும், அதைப் பற்றி வேறு யாரிடமும் பேசமாட்டேன் என்றும் சொன்னார். நோட்டீசை மதுரைப் பங்காளி திரும்பப் பெறவில்லை. உத்திரங்களில் எவ்வளவு தேக்கு மாற்றவேண்டியிருக்கும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். கொத்தனார் பார்த்துவிட்டுச் சொல்ல இன்னும் இரண்டு வாரம் ஆகும்.